பதினேழாம் அடிக்குறிப்பில் ஒரு டயர்கடை

அத்தியாயம் 6

ஞாயிற்றுக்கிழமை மீன்வண்டி ஓடியது என்று எழுதியவனைத்தான் ஆறுமுகநயினார் தேடிக்கொண்டிருந்தார்.

தூத்துக்குடியில் பிறந்தவன் எவனும் அப்படி எழுத மாட்டான். ஞாயிற்றுக்கிழமை இந்தக் கரையிலிருந்து விசைப்படகு கடலுக்குப் போகாது. பூசை நாள். படகு போகாமல் மீன் வராது, மீன் வராமல் வண்டி ஓடாது. ஆனால் யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இணையத்தில் திறந்துபோட்டிருக்கிற ஒரு கலைக்களஞ்சியத்தில், 'தூத்துக்குடி நகர வாகனப் புகை' என்ற கட்டுரையின் ஒன்பதாம் அடிக்குறிப்பில், 'மீன்வண்டிகள் எண்ணப்பட்ட நாள்: ஞாயிறு' என்று ஒருவன் மாற்றி வைத்திருந்தான். அங்கே அவன் வைத்துக்கொண்ட பெயர் கச்சான். மேற்கேயிருந்து அடிக்கிற காற்றுக்குக் கடற்கரையில் அந்தப் பெயர்.

காற்றைப் பிடித்துக்கொண்டு வா என்றால் யார் போவார்கள்? ஆறுமுகநயினார் போவார். அதற்கு முன்னால் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிடுவார்.

பழைய துறைமுகத்துப் பக்கம் ஞானையா மெஸ். காணாமல்போன சரக்கு, கம்பி நீட்டிய பங்காளி, பெண் கொடுக்குமுன் மாப்பிள்ளையைப் பற்றி ரகசிய விசாரணை என்று பாதி ஆயுளைத் துப்பறிவதிலேயே கழித்தவர் ஆறுமுகநயினார். ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் விசாரித்தவருக்குத் தன் கல்யாணம் ஞாபகம் வந்தபோது வயது தாண்டிவிட்டது. வீட்டில் பேச ஆள் கிடையாது. பேசுவதையெல்லாம் மெஸ்ஸில்தான் பேசித் தீர்ப்பார்.

"ஞானையா, ரசத்துல உப்பு இல்லய்யா."

மெஸ்காரர் ஞானையா கையில் கரண்டியோடு வந்து நின்றார். "உப்பு வெளையுத ஊருல உக்காந்துக்கிட்டு உப்பு இல்லங்கிய. நேத்தும் இதத்தான் சொன்னிய, முந்தாநேத்தும் இதத்தான் சொன்னிய." ஒரு சொட்டு கையில் விட்டு நக்கிப் பார்த்தார். "இருக்கு."

"இருந்தா சரி."

"நாக்க டாக்டர்ட்ட காட்டுங்க" என்று சொல்லிவிட்டு, மழை வருமா, மீன் என்ன விலை என்று கொஞ்சம் நின்று பேசிவிட்டுத்தான் ஞானையா போனார்.

எதிர் இலையில் ஜீவமணி. துப்பறிவாளரின் உதவியாளர். முப்பது வயது, ஒரு பழைய ஸ்கூட்டர், பூட்டில்லாத வாய். இந்த மூன்றும்தான் அவள் சொத்து.

"அண்ணாச்சி, ஒரு பொட்டலம் உப்ப சட்டப்பையிலயே வச்சுக்கிட்டா என்ன? தெனமும் அவர அலைய விடுதியளே."

"சாப்புடுளா."

"சாயங்காலம் கெடு. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அதனால்தான் சோறு இறங்கவில்லை.

வழக்கு இவ்வளவுதான். காயல்பட்டினத்தில் நஃபீசா என்ற பெண். முன்பு முத்தையாபுரத்துப் பக்கம் ஒரு கல்லூரியில் சுற்றுச்சூழல் பாடம் நடத்தியவர். மூச்சிரைப்பு முற்றி வேலையை விட்டபிறகு, வீட்டில் தனியாக உட்கார்ந்து வருஷம் முழுக்க அந்தக் கட்டுரையை எழுதினார். எந்தச் சாலையில் எத்தனை லாரி, எவ்வளவு புகை என்று ஒவ்வொரு வரிக்கும் கீழே ஆதாரம் காட்டி அடிக்குறிப்பு. அதைச் சிறப்புக் கட்டுரையாக ஏற்கலாமா என்று களஞ்சியத்தில் மதிப்பாய்வு நடந்தது. சங்கு என்ற பெயருள்ள மதிப்பாய்வாளர் ஒருவர், அடிக்குறிப்பு அடிக்குறிப்பாகக் கேள்வி கேட்டார். அவரும் முகம் தெரியாத ஆள்தான். நஃபீசா பதில் எழுதுவார். சங்கு அடுத்த கேள்வி கேட்பார்.

நடுவில் புகுந்தான் கச்சான். ஒரு அடிக்குறிப்பை மாற்றுவான். நஃபீசா கண்டுபிடித்துத் திருத்துவார். 'உங்களுக்கு நல்ல கண்' என்று சங்கு பாராட்டுவார். மறுநாள் கச்சான் வேறொன்றை மாற்றுவான். இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோது களஞ்சியத்தின் நிர்வாகிக்குச் சந்தேகம் வந்தது. தப்பை நுழைக்கிறதும் திருத்துகிறதும் ஒரே கை, பாராட்டு வாங்க நஃபீசாவே ஆடுகிற நாடகம் என்றார். கச்சான் எந்த ஊரிலிருந்து எழுதுகிறான் என்று கணினியில் பார்த்தார்கள். ஒரு நாள் சிங்கப்பூர் என்றது, மறுநாள் ஹாலந்து என்றது. இருக்கிற இடத்தை மறைக்கிற ஏதோ ஒரு ஆப். சந்தேகம் நஃபீசா மேலேயே நின்றது. இன்று சாயங்காலத்துக்குள் கச்சான் வேறு ஆள் என்று நிரூபிக்காவிட்டால் நஃபீசாவின் கணக்கை முடக்குவார்கள். கட்டுரை போய்விடும். அவர் பெயருக்குப் பக்கத்தில் 'மோசடி' என்ற முத்திரை மட்டும் போகாது.

"அண்ணாச்சி, எங்க ஊருல பொம்பளப் பிள்ளைக்குத்தான் வீடு. மாப்பிள்ளதான் நம்ம வீட்டுக்கு வந்து இருப்பாவ. இந்த வீடும் என் பேருலதான் இருக்கு" என்று முதல் நாளே சொல்லியிருந்தார் நஃபீசா. "ஆனா அது எங்க உம்மா தந்தது. நானாத் தேடிக்கிட்ட பேரு இது ஒண்ணுதான்."

ஜீவமணி அப்பளத்தை உடைத்தாள். "எனக்கென்னமோ கச்சான் வெளியூர்க்காரப் பயதான். ஞாயித்துக்கெழம மீன்வண்டிங்கான். கார்த்திகை அடமழையில உப்பளத்துல லாரி லோடு ஏத்துச்சுங்கான். மாதா கோயில் தேர் அன்னைக்கு கோயில் வாசல்ல நின்னு கண்டெய்னர் லாரி எண்ணுனேங்கான். தேர் அன்னைக்கு அங்கன சைக்கிள் போகுமா? ஊரு தெரியாத கழுத."

"வெளியூர்க்காரன் தப்பு விட்டா எப்படி விடுவான்? புதனுக்குப் பதிலா வியாழம்பான். அது தப்புன்னு யாருக்கும் தெரியாது. இவன் விட்டதெல்லாம் ஊர்க்காரிக்குப் பாத்த ஒடனே தெரியும். மெட்ராஸ்ல இருக்க நிர்வாகிக்குத் தெரியவே தெரியாது. அப்படித் தேடிப் பொறுக்கித் தப்பு வைக்கணும்னா?"

ஜீவமணி மெல்லுவதை நிறுத்தினாள். "ஊர்க்காரனா இருக்கணும்."

"ஊர்க்காரன். அதுவும் அவ கண்ணுல படட்டும்னே வைக்கவன்."

"எதிரியா?"

"எதிரியா இருந்தா கண்ணுல படாமல்லா வைப்பான்?"

சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து, ரசம் படாத இடமாகப் பார்த்து விரித்தார். "பதினேழாம் அடிக்குறிப்பு. இது கச்சான் எழுதுனதில்ல, மதிப்பாய்வு பண்ணுத சங்கு எழுதுனது. எழுதுன கையோட அழிச்சிட்டாரு. இப்ப கட்டுரையில இது இல்ல."

"இல்லாதத எப்படிப் பாத்திய?"

"அந்தக் களஞ்சியத்துல எழுதுனதும் நிக்கும், அழிச்சதும் நிக்கும். பழைய பதிப்பு அம்புட்டும் பின்னால அடுக்கி வச்சிருக்கான். ராவெல்லாம் ஒவ்வொண்ணாப் பொரட்டுனேன்."

"வேற சோலி இல்லாதவியளுக்குத்தான் அது முடியும்."

"ஆமா" என்றார் அவர். கிண்டலுக்குப் பதிலாகத்தான் சொன்னார். ஜீவமணிக்குத்தான் ஏன் சொன்னோம் என்று இருந்தது.

தாளை வாங்கி வாசித்தாள்: 'முத்தையாபுரம் டயர்கடை நிறுத்தம். பேருந்துக்குக் காத்திருப்போர் லாரிப் புகைக்குப் பயந்து டயர்கடைக்குள் நிற்பது வழக்கம்.'

"அண்ணாச்சி, அந்த வழியா எத்தன தரம் போயிருக்கேன். அங்கன டயர்கடையே கெடையாதே!"

"கையக் கழுவிட்டு வா" என்று எழுந்தார் ஆறுமுகநயினார்.

*

ஸ்கூட்டர் கிளம்பியதும் பின்னால் கறுப்பாக ஒரு பொதி புகை விட்டது.

"வாகனப் புகை கேசுக்கு நம்ம இதுல போறோம் பாத்தியளா? நஃபீசாம்மாட்ட சொல்லி நம்ம வண்டிய பதினெட்டாம் அடிக்குறிப்பாச் சேத்துரலாம்."

"ரோட்டப் பாத்து ஓட்டு."

துறைமுகத்துச் சாலையில் நிலக்கரி லாரி, கண்டெய்னர் லாரி, தார்ப்பாய் போட்ட லாரி என்று வரிசை. ஒவ்வொன்றும் கியர் மாற்றும்போது முகத்தில் சூடாகக் காறித் துப்பியது. இரண்டு பக்கமும் உப்பளம் கண்கூச வெள்ளையாகக் கிடந்தது. அந்த வெயிலில் மனிதத் தலை ஒன்றுகூட இல்லை. இத்தனை வண்டி போகிற சாலையில் ஒருத்தரும் ஒருத்தரைப் பார்ப்பதில்லை என்று பின்னால் உட்கார்ந்திருந்தவருக்குத் தோன்றியது. அதை ஜீவமணியிடம் சொன்னால் 'பாத்தா ஆக்ஸிடெண்ட் ஆயிரும்' என்பாள். சொல்லவில்லை.

முத்தையாபுரத்தில் பாலத்தை ஒட்டி ஒரு டீக்கடை. கடைக்காரர் பெயர் தங்கப்பாண்டி. டீயை ஆற்றிக்கொண்டே, "எங்க போகணும்?" என்றார்.

"டயர்கடை ஸ்டாப் எதுங்க?" என்று கேட்டாள் ஜீவமணி.

தங்கப்பாண்டியின் கை அந்தரத்தில் நின்றது. "கல்ஃப்ல இருந்து வாரியளா?"

"என் மூஞ்சியப் பாத்தா ஏர்போர்ட்டுல எறங்குனவ மாதிரியா இருக்கு?"

"அதுக்கில்லம்மா. டயர்கடை போயி எத்தன காலமாச்சு! ரோட்ட அகலப்படுத்தையிலேயே இடிச்சிட்டான். ஸ்டாப்பையும் இங்கன தள்ளி வச்சிட்டான். இப்ப இது பாலம் ஸ்டாப்பு. இருக்கவன் எல்லாவனும் பாலம்னுதான் சொல்லுவான். கல்ஃப்ல கெடந்துட்டு லீவுல வாரவன் மட்டும் கண்டக்டர்ட்ட 'டயர்கடை ஒண்ணு'ம்பான். கண்டக்டர் சின்ன வயசுக்காரனா இருந்தா திருதிருன்னு முழிப்பான்." சிரித்தார். "அவனுக போன அன்னைக்கு எப்படி இருந்துச்சோ, அதான் அவனுகளுக்கு ஊரு."

"அந்தக் காலத்துல சனங்க புகைக்குப் பயந்து டயர்கடைக்குள்ள போய் நிக்குமாமே?" என்றார் ஆறுமுகநயினார்.

"டயர்கடைக்குள்ளயா? எவன் சொன்னான்? ரப்பர் நாத்தமும் காத்தடிக்கிற மெஷின் சத்தமும்... அதுக்குப் புகையே தேவலன்னு இருக்கும். போதாக்கொறைக்கு கடைக்காரரு லிங்கராஜ் முசுடு. வெளியாள ஏற விடமாட்டாரு. புகைக்குப் பயந்தவன் எங்கடைக்குத்தான் வருவான். நமக்கும் ஒரு டீ விக்கும்."

வெளியே வந்து ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றார்கள். ஜீவமணி விரலை மடக்கினாள். "அப்ப கல்ஃப்காரன். எடத்த மறைக்கிற ஆப்பும் சரியாப் போச்சு. பாதி எடத்துல அது இல்லாம வீட்டுக்கு வீடியோ கால் பேச முடியாதாம்லா. எங்க எதுத்த வீட்டு மாமா அதப் போட்டுத்தான் பேசுவாரு. ஆனா அண்ணாச்சி, காயல்பட்டினத்துல கல்ல விட்டெறிஞ்சா கல்ஃப்காரன் வீட்டு மேலதான் விழும். இதுல எவன்னு தேட?"

"டயர்கடை ஸ்டாப்புன்னு எழுதுனது யாரு?"

"சங்கு."

"நாலாம் அடிக்குறிப்புல, பஸ்ஸ எண்ணுன எடம்னு அதே பேர எழுதுனது யாருன்னு நீ கவனிக்கல. கச்சான்."

ஒரு லாரி அவர்களைக் கடந்துபோனது. ஜீவமணி புகையைக் கையால் விசிறினாள்.

"ரெண்டும் ஒரே ஆளா!"

"ஊருல இல்லாத ஸ்டாப்ப ரெண்டு பேரு தனித்தனியா கண்டுபிடிக்க முடியுமா? வேணும்னே வச்ச தப்ப எல்லாம் சரியா வச்சிருக்கான். சரின்னு நம்பி எழுதுனது ஒண்ணுதான் தப்பாப் போச்சு."

"மதிப்பாய்வு பண்ணுதவன் எதுக்கு அவனே தப்ப வச்சு அவனே பாராட்டணும்? கோட்டி புடிச்சிருக்கா?"

ஆறுமுகநயினார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கரி வந்தது. "நான் ஏன் தெனமும் ரசத்துல உப்பு இல்லங்கேன்?"

"நாக்கு செத்துப்போச்சு."

"உப்பு இருக்குன்னு சொல்லிட்டா ஞானையா எதுக்கு என் எலப் பக்கம் வாரான்?"

ஜீவமணி மடக்கிய விரல்களை விரித்தாள்.

"கேள்வி தீந்தா மதிப்பாய்வு முடிஞ்சிரும். மதிப்பாய்வு முடிஞ்சா அவளும் வரமாட்டா, இவனும் எழுத முடியாது. தப்பு இருக்கவரைக்கும் மறுநாள் உண்டு." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "வண்டிய எடு. அந்த டயர்கடைக்குள்ள யாரு நின்னாங்கறது மட்டும்தான் பாக்கி."

*

காயல்பட்டினத்தில் தெரு அகலமாக இருந்தாலும் நஃபீசா வீட்டுக்குப் பெண்கள் போகிற வழி பின்னால் ஒரு ஒடுங்கிய முடுக்கு. ஜீவமணி உரிமையாக அதில் நுழைந்தாள். ஆறுமுகநயினார் முன்வாசலுக்குச் சுற்றிக்கொண்டு போனார்.

ஆறேழு பேர் இருந்து ஆள வேண்டிய வீடு. உம்மா மௌத்தாகி அடக்கமாகிவிட்டார். மகள் ஹனீன் சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். மாப்பிள்ளை அம்மார் கல்ஃபில் லாரி உதிரிபாகக் கடையில் இருக்கிறார். மேசைமேல் மடிக்கணினி, அதன் பக்கத்தில் மூச்சிரைப்புக்கு உறிஞ்சுகிற மருந்து. மற்ற அறைகளெல்லாம் சாத்திக் கிடந்தன.

"யாருன்னு தெரிஞ்சுதா அண்ணாச்சி?" என்று நஃபீசா கேட்டு வாய் மூடவில்லை, செல்போன் அடித்தது. "வீட்டுக்காரவிய. ஒரு நிமிசம்."

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "வஅலைக்கும் ஸலாம்... சாப்ட்டேன்... பேசுனா, நல்லா இருக்கா... வெக்கைதான்... சரி, வைக்கேன்." ஜீவமணியின் டீயில் முதல் வாய்கூட ஆறவில்லை.

"ரத்தினச் சுருக்கமாப் பேசுதியளே லாத்தா" என்றாள் ஜீவமணி.

"எத்தனையோ வருசமா இந்த நாலு கேள்விதான். சாப்டியா, பிள்ள பேசுனாளா, வெக்கையா, வைக்கட்டா." நஃபீசா சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபம்கூட இல்லை. பழகிப்போயிருந்தது.

"கட்டுரை எழுதுறது அவருக்குத் தெரியுமா?" என்றார் ஆறுமுகநயினார்.

"எழுத ஆரம்பிச்ச அன்னைக்குச் சொன்னேன். 'நல்லது'ன்னாவ. அதுக்கப்புறம் நானும் சொல்லல, அவியளும் கேக்கல."

ஆறுமுகநயினார் சுற்றி வளைக்கவில்லை. "அம்மா, கச்சானும் சங்கும் ஒரே ஆள்."

நஃபீசாவின் முகம் வாடியது. "சங்கு அப்படிச் செய்ய மாட்டாவ. நீங்க தப்பாக் கண்டுபிடிச்சிட்டிய. மூணாம் அடிக்குறிப்புல தேதி சரியான்னு கேட்டுட்டு, 'உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், ரொம்ப நேரம் உட்காராதீர்கள்'னு எழுதுவாவ. எனக்கு ஒருநாள்ல பேச இருக்க ஒரே ஆளு அவியதான். முகம் தெரியாட்டா என்ன? அவியட்ட பதில் எழுதணும்னுதான் காலையில எந்திரிக்கவே தோணும்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதுவும் ஏமாத்தா?"

"இதப் பாருங்க. எழுதிட்டு ஒடனே அழிச்சது. நீங்க பாத்திருக்க மாட்டிய." தாளை நீட்டினார்.

நஃபீசா வாசித்தார். மறுபடி வாசித்தார்.

"இது வழக்கம் இல்ல" என்றார் மெதுவாக.

"தெரியும்."

"டயர்கடைக்குள்ள யாரும் நிக்க மாட்டாங்க."

"டீக்கடைக்காரரும் அதத்தான் சொன்னாரு."

"நான் நின்னேன்."

ஜீவமணி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கல்யாணம் ஆன புதுசு. காலேஜ் விட்டு அந்த ஸ்டாப்புலதான் பஸ் ஏறுவேன். லாரிப் புகையில எனக்கு இழுத்துக்கிட்டு வரும். அவிய லீவுல வந்திருந்த ரெண்டு மாசமும் சாயங்காலமானா இங்கருந்து பைக்க எடுத்துக்கிட்டு என்னைய கூப்பிட வந்துருவாவ. வாரதுக்கு நேரமாயிட்டா நான் புகையில நிக்கக் கூடாதுன்னு லிங்கராஜ் அண்ணாச்சிட்ட கெஞ்சிக் கேட்டு, என்னைய கடைக்குள்ள உக்கார வைக்கச் சொல்லியிருந்தாவ. மொத நாளு அவியளே டயருக்கு மேல டயரா அடுக்கி, என் சேலையில கறை படக்கூடாதுன்னு மேல அவிய கைலேஞ்சிய விரிச்சு..." நஃபீசாவால் முடிக்க முடியவில்லை. மருந்தை எடுத்து உறிஞ்சினார். "இது எனக்கும் அவியளுக்கும் மட்டும்தான் தெரியும். லிங்கராஜ் அண்ணாச்சி எப்பவோ போயிட்டாவ."

வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதி ஆறுமுகநயினாருக்கு நன்றாகப் பழக்கமானதுதான். அன்றைக்கு அதைத் தாங்க முடியவில்லை.

நஃபீசாவுக்கு அழுகை நின்று கோபம் வந்தது. "அஞ்சாவதா ஒரு கேள்வி கேட்டிருந்தா என்ன? போன எடுத்து, 'ஏளா, அந்த டயர்கடை ஞாபகம் இருக்கா'ன்னு ஒரு வார்த்த! அதுக்கு வாய் வரல, கச்சான்னு பேரு வச்சுக்கிட்டுத் தப்பு வைக்க மட்டும் வந்துச்சோ? என்னைய மோசடிக்காரின்னு எழுதிட்டாங்க. அதையும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தாவ!"

"நெட்டுல பேசுன மாதிரி போன்ல பேசத் தெரியலம்மா அவருக்கு. உண்மையச் சொன்னா சங்கு போயிரும்னு பயந்திருப்பாரு" என்றார் ஆறுமுகநயினார். "நான் அவருக்காகப் பேச வரல. இப்ப முடிவு உங்க கையில. நிர்வாகிக்கு எழுதுனா உங்க பேரு தப்பும். விதிப்படி ரெண்டு கணக்கயும் முடக்கிருவாங்க. சங்கு இனிமே வரமாட்டாரு. எழுதாம விட்டா சங்கு இருப்பாரு, உங்க பேரு இருக்காது."

நஃபீசா ஜன்னலைப் பார்த்தார். வெயில் சாய்ந்துவிட்டது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தட்டச்சு செய்தார். சங்குக்கு, எல்லோரும் வாசிக்கிற உரையாடல் பக்கத்தில்:

'பதினேழாம் அடிக்குறிப்பு பற்றி. டயர்கடைக்குள் நின்றவர் ஒரே ஒருவர். வழக்கம் என்று எழுதியது பிழை. அதற்கு ஆதாரம் நான்தான். உங்கள் வேறு பிழைகளையும் இன்றைக்கே நீங்களே திருத்திவிடுங்கள். இல்லாவிட்டால் நான் திருத்துவேன். என் பெயரை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.'

அனுப்பினார். மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்கு மஃரிப் பாங்கு சொல்லி முடிந்தது. தொழுதுவிட்டு வந்து நஃபீசா மறுபடி பார்த்தபோது பக்கத்தில் புது வரிகள் இருந்தன.

'கச்சான், சங்கு இரண்டும் ஒருவரே. அது நான். தவறான மாற்றங்கள் எல்லாம் என்னுடையவை. கட்டுரையாளருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை, தெரியவும் தெரியாது. அவருடைய அடிக்குறிப்புகள் எல்லாமே சரி. மதிப்பாய்வாளராக என் கடைசிக் குறிப்பு: இதைவிட நல்ல கட்டுரையை நான் வாசித்ததில்லை. முடிந்துவிடுமே என்றுதான் அப்படிச் செய்தேன்.'

அதற்குக் கீழே நிர்வாகியின் பதிலும் வந்துவிட்டது. நஃபீசா மேல் இருந்த சந்தேகம் நீங்கியது, வருத்தம் தெரிவிக்கிறோம். மதிப்பாய்வை வேறொருவர் தொடர்வார். கச்சான், சங்கு ஆகிய இரண்டு கணக்குகளும் நிரந்தரமாக முடக்கப்படுகின்றன.

ஜெயித்த வழக்கு. ஆனால் அந்த அறையில் ஜெயித்தவர் முகம் ஒன்றுகூட இல்லை. சங்கு என்ற பெயர் மேல் ஒரு கோடு விழுந்திருந்தது. நஃபீசா அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நாளைக்குக் காலையில எந்திரிச்சு யாருக்கு எழுத?" என்றார்.

செல்போன் அடித்தது. அம்மார் ஒரு நாளில் இரண்டாவது தடவை கூப்பிட்டு அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. நஃபீசா எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"எடுங்க லாத்தா" என்றாள் ஜீவமணி. "திட்டுறதுக்காவது எடுங்க."

எடுத்தார். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. வெகுநேரம் கழித்து, வேறெதுவும் கேட்கத் தெரியாத குரல் ஒன்று கேட்டது. "சாப்டியா?"

நஃபீசா கண்ணை இறுக மூடிக்கொண்டார். "ஞாயித்துக்கெழம மீன்வண்டி ஓடாது" என்றார். "தெரியுமில்லா உங்களுக்கு?"

"தெரியும்" என்றது குரல். "நீ சொல்லு."

ஆறுமுகநயினார் ஜீவமணிக்குக் கண்ணைக் காட்டிவிட்டு வெளியே நடந்தார். வாசலுக்கு வந்த பிறகும் நஃபீசாவின் குரல் கேட்டது. முதலில் சரமாரியாகத் திட்டு. நடுவில் ஒரு தடவை அழுகை. பிறகு உப்பு லாரியைப் பற்றி ஏதோ சண்டை. அது இப்போதைக்கு முடிகிற மாதிரி தெரியவில்லை.

அதைக் கேட்டுக்கொண்டு அவர் தெருவிலேயே நின்றுவிட்டார். ஜீவமணி வண்டியைக் கிளப்பிப் புகைவிட்டு, ஆக்ஸிலரேட்டரை இரண்டு தடவை முறுக்கிய பிறகுதான் திரும்பினார்.

"அண்ணாச்சி, எங்க வீட்டுல சாப்பிட்டுப் போங்களேன். எங்க அம்மா ரசம் நல்லா வைப்பா."

"இன்னொரு நாளைக்கு வாரேன்ளா. ஞானையா பாத்துக்கிட்டு இருப்பான்."

"ரசத்துல உப்பு சரியா இருந்தா?"

பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார் ஆறுமுகநயினார்.

"இல்லன்னு சொல்லுவேன்."